வெள்ளையம்மா தலைக்கட்டு

வரியைக் குறைத்ததற்காகச் சண்டைக்குப் போன ஆள் இந்த ஜோகூர் சீமையிலேயே ஒருத்திதான். பாலத்துத் தோட்டத்து வெள்ளையம்மா. கூட்டினால் கத்துவார்கள், அது உலக வழக்கம். குறைத்தால் கத்துவாளா ஒருத்தி? கத்தினாள். அதுவும் எப்பேர்ப்பட்ட தொண்டை!

லாபிசுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவள் ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள் உள்ள லயத்தில் அவளுக்கு வாய்த்தது நட்டநடு வீடு. இந்தப் பக்கத்து அடுப்புப் புகையும் அந்தப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டையும் தவறாமல் வந்துசேரும் இடம். அந்தச் சண்டைக்கும் அவளே தீர்ப்புச் சொல்வாள், யாரும் கேட்காமலேயே.

ஆனால் குலவை என்று வந்துவிட்டால் அவளை விட்டால் நாதி கிடையாது. மாரியம்மன் திருவிழாவில் லயத்துக் கோடியிலிருந்து கரகம் புறப்பட்டுக் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை குலவை ஓயக்கூடாது. ஓய்ந்தால் கரகம் அடியெடுத்து வைக்காது. அந்தத் தோட்டத்து வழக்கம் அப்படி. முதல் குரலை அவள் கொடுப்பாள், மற்றப் பெண்கள் பிடித்துக்கொள்வார்கள்.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். அதற்கு அந்த ஊர்ப் பணத்தில் ஒரு வெள்ளி. முழு வரி கொடுத்த வீட்டு வாசலில் கரகம் நிற்கும். பூசாரி, "யாரு தலைக்கட்டு?" என்று கேட்பார். வீட்டுக்காரன் நெஞ்சை நிமிர்த்தித் தன் பெயரைச் சொல்வான். மஞ்சள் தண்ணீரைப் பூசாரி காலில் ஊற்றி வேப்பிலை வாங்கிக்கொள்வார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கு மட்டும் அரை வரி. அந்த வாசலில் கரகம் நிற்காது. ஆட்டுக்கறியிலும் அரைப் பங்குதான். பங்கு போடுகிறவன் கைக்கு அன்றைக்கென்று எலும்பாகவே அகப்படும்.

வெள்ளையம்மாவின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போன வருஷம், சதாசிவக் கங்காணி வந்து அரை வெள்ளி கேட்டார். அவள் முழு வெள்ளியைத் தட்டில் போட்டாள்.

"பாதி போதும்மா, வெள்ளையம்மா."

"ஏண்ணே, தொர எனக்குப் பாதி மரமா குடுக்கறாரு? ஆம்பள வெட்டற வரிசையத்தான் நானும் வெட்டறேன். முழுசா வாங்கிக்கிட்டுப் போங்க."

கங்காணி தலையைச் சொறிந்தார், வாங்கிக்கொண்டார். அந்த வருஷத்திலிருந்து அவள் வாசலிலும் கரகம் நின்றது. புருஷன் உசிரோடு இருந்தபோதுகூட அவள் அப்படிக் கோலம் போட்டதில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிச்சம் இருந்தவர்களால் தனித்தனியாகத் திருவிழா நடத்த முடியவில்லை. பாலத்துத் தோட்டம், மேட்டுத் தோட்டம், ரயிலடித் தோட்டம் மூன்றும் சேர்ந்து ஒரு சபை வைத்தன. சும்மா சபை என்று வைத்தால் ஆகுமா? முத்தோட்ட மகாசபை! தலைவர் நம்ம சதாசிவக் கங்காணிதான். திருவிழா வருஷத்துக்கு ஒரு தோட்டத்தில் என்று முறை வைத்தார்கள். வரியும் மூன்று தோட்டத்திலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று லாபிஸ் துணிக்கடை மாடியில் தீர்மானம் போட்டார்கள். ஆண் இல்லாத வீட்டுக்கு அரை வரி, இதில் எந்தத் தோட்டமும் மாறக்கூடாது.

"குறைஞ்சா நல்லதுதானே, அக்கா? மிச்சத்துக்குக் கருவாடு வாங்கலாம்" என்றாள் பக்கத்து வீட்டு ராசம்மா.

"கரகம் என் வாசலத் தாண்டிப் போவுமேடி. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றாள் வெள்ளையம்மா. ராசம்மா அதற்குமேல் கருவாட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கடை முன்னால் கங்காணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்பதைவிடப் பேப்பரோடு மல்லுக்கு நின்றார் என்று சொல்லலாம். லண்டனில் ஒரு சர்வதேசக் கமிட்டி உட்கார்ந்துகொண்டு, மலாயா இவ்வளவு ரப்பர் அனுப்பு, இலங்கை இவ்வளவு அனுப்பு, ஜாவா இவ்வளவு அனுப்பு என்று அளந்து விட்டிருந்த காலம் அது. பாதி மரத்துக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள்.

"அலமாக்! கித்தா மரத்தக் கண்ணால பாத்திருப்பானா அவன்? இன்னிக்கு இவ்ளோதான் வெட்டணும்பான். நாளைக்கு எல்லா நாடும் ஒரே வரி போடணும்பான். அவனவன் ஊட்டு அடுப்பு அவனவனுக்குத்தானே தெரியும்? எங்கியோ உக்காந்துக்கிட்டு எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னா, அது நியாயமாலா?"

"நல்லாச் சொன்னீங்கண்ணே" என்றாள் வெள்ளையம்மா. "அப்ப நம்ம தோட்டத்து வரிய லாபிஸ் மாடில உக்காந்து போட்டது மட்டும் நியாயமா?"

கங்காணி பேப்பரை மடித்தார். "அது வேற, இது வேற."

"எப்படி வேற?"

"அது லண்டன். இது நாம."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கங்காணிக்கு முகம் சிவந்தது. மூன்று தோட்டம் சேர்ந்து போட்டதை ஒருத்திக்காக மாற்ற முடியாது என்று சொல்லி அரை வெள்ளியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். இந்தத் தடவை அவள் மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளையம்மா பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை, பாவம்.

அந்த வருஷம் திருவிழா முறை பாலத்துத் தோட்டத்துக்கு. நல்ல உச்சி வெயில். மற்ற இரண்டு தோட்டத்துப் பெரியவர்களும் வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்கள். பூசாரி செல்லப்பன் கரகத்தைத் தலையில் ஏற்றினார். கோயில் போகும்வரை அதை இறக்கக்கூடாது. வெள்ளையம்மா குலவையை எடுத்தாள் பாருங்கள், மேட்டுத் தோட்டத்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார்.

கரகம் வாசல் வாசலாக நின்று நின்று வந்தது. நட்டநடு வீட்டுக்கு நேரே வந்தது. குலவை நின்றுபோனது.

மேளக்காரன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு அவனும் நிறுத்தினான். கங்காணியின் பெண்சாதி சந்திரமதி நிலைமையைக் காப்பாற்ற வாயைக் குவித்தாள். இருமல்தான் வந்தது. ராசம்மாவும் மற்றப் பெண்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன வெள்ளையம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று ஓடிவந்தார் கங்காணி.

"இல்லண்ணே. அரை வரி வாங்குனீங்க, அரைக் குலவை போட்டாச்சு. நட்டநடு வூடு, கணக்குச் சரியா இருக்கும்."

"விளையாடாத! சாமி காரியம்!"

"தீர்மானம் நீங்க போட்டதுதானே?"

"அத மாத்தணும்னா மகாசபை கூடணும்லா!"

சரளைக்கல் கொதித்தது. செல்லப்பன் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். பானைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது: "அட, கூடித் தொலைங்கய்யா! காலு வேகுது!"

முத்தோட்ட மகாசபை அங்கேயே, வெள்ளையம்மா வீட்டு நிழலில் கூடியது. கூடிய வேகத்தில் முடிந்தது. வரி எவ்வளவு என்பதை அந்தந்தத் தோட்டமே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம். வெள்ளையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதி அரை வெள்ளியைத் தட்டில் போட்டாள். ராசம்மா கதவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்தாள். அப்போதுதான் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். விடிகாலையிலேயே போட்ட கோலம், காய்ந்து பளிச்சென்று கிடந்தது.

தண்ணீர் பட்டதும் செல்லப்பன் "அப்பாடா" என்றார். பிறகு முறைப்படி கேட்டார்: "யாரு தலைக்கட்டு?"

தோட்டத்தையே வாயால் புரட்டிப் போடுகிறவள் நெஞ்சை நிமிர்த்தினாள்.

"வெள்ளையம்மா தலைக்கட்டு" என்றாள்.

வேப்பிலை கைக்கு வந்தது. மேளம் எழுந்தது. எல்லாரும் குலவைக்காக அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவளோ முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள்.

"தாயீ!" என்று அலறினார் செல்லப்பன். "அதான் முழு வரி வாங்கியாச்சே, போடேன்!"

அழுகையும் சிரிப்புமாக அவள் போட்ட அந்தக் குலவை, லாபிஸ் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாம்.