சித்தி மாற்றிய மூன்று ரெசிஸ்டர்கள்

திண்டிவனத்தை அடுத்த எங்கள் ஊர் தேவாலயத்தின் மைக் செட், யாரும் பேசாதபோதும் ‘உஸ்ஸ்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். பூசையில் சாமியார் மௌனமாக நின்றாலும் அது மட்டும் விடாமல் செபிக்கும். எனக்கு எட்டு வயதாகியிருந்த வருடம், புனித வெள்ளியன்று பதிலுரைப் பாடலை அம்மா பாட வேண்டும் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு மெல்லிய குரல். புனித வெள்ளியில் இசைக்கருவி வாசிப்பதில்லை என்பதால் அன்று கீபோர்டும் கிடையாது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும் என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்தி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். தான் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். கோயில் பொறுப்பிலிருந்த பெரியப்பாவுக்கு மனமில்லை.

“ஓடுற செட்ட எதுக்கும்மா நோண்டிக்கினு? வெள்ளிக்கிழமை ஊமையாயிட்டா ஊருக்கு யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேங்க” என்றாள் சித்தி.

என்னையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினாள். முதல் கடையில் பழுப்பு நிற கார்பன் ரெசிஸ்டர்தான் இருந்தது. வேண்டாமென்று மூன்று கடை ஏறி இறங்கி, நீல நிற மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை வாங்கினாள். அரிசியளவே இருந்தாலும் பார்க்க அழகாக இருந்தன. கோயிலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஆம்ப்ளிஃபையரைத் திறந்ததும், எல்லாவற்றையுமே நீலமாக மாற்றச் சொன்னேன்.

“எல்லாத்துக்கும் எதுக்குடி? மைக்ல இருந்து வர்ற சத்தம் துளியூண்டு. அத பெருசாக்கும்போது, அங்க இருக்கிற கார்பனோட இரைச்சலும் கூடவே பெருசாயிடுது. அந்த எடத்துல மட்டும் அமைதியான ஆளு வேணும்.” பிறகு ஸ்பீக்கர் பக்கமிருந்த தடித்த வெள்ளைக் கட்டியைத் தொட்டுக் காட்டினாள். “இவனும் ரெசிஸ்டர்தான், ஆனா இவன் வேல சூடு தாங்குறது. இவன் இருக்கட்டும்.”

மூன்றே மூன்றை மாற்றிவிட்டு மூடினாள்.

புனித வெள்ளியன்று செட்டைப் போட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. சித்தியின் முந்தானையை இழுத்து, “செட்டு ஓடல சித்தி” என்றேன். அவள் அம்மா பக்கம் கண்ணைக் காட்டினாள். அம்மா பாடுவதற்கு முன் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு கடைசி வரிசைவரை கேட்டது. பின்னாலேயே அவள் குரல், நடுக்கம் உட்பட, முழுசாக வந்தது.

வழிபாடு முடிந்ததும் பெரியப்பா நேராகச் சித்தியிடம் வந்தார். “என்னம்மா, சத்தமே இல்லியே!” என்றார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

இவ்வளவு பாடுபட்டவளைக் குறை சொல்லி அழவைத்துவிட்டாரே என்று அந்த வயதில் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஈஸ்டரன்று பெரியப்பா தன் கையால் பிரியாணி ஊட்ட வந்தபோதும் வாயை இறுக மூடிக்கொண்டேன்.