வெற்றிப் பலகையில் ஒரு பெயர்

எங்கள் பாய்மரப் படகுச் சங்கம் ஆற்றோரத்தில், ஒரு பழைய உப்புக் கிடங்கில் இருக்கிறது. சரக்குப் படகோட்டிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்க முடியாமல் தொடங்கியது. நுழைந்ததும் எதிரே வெற்றிப் பலகை. படகில் இருவர் போனாலும், பின்னால் உட்கார்ந்து படகைத் திருப்பும் சுக்கானைப் பிடித்தவர் பெயரை மட்டுமே அதில் எழுதுவது வழக்கம். முன்னால் உட்கார்ந்து, சின்னப் பாயை இழுத்து, படகு சாயும்போது எதிர்ப்பக்கம் வெளியே சரிந்து அதைக் கவிழாமல் காப்பவருக்கு இடமில்லை.

அப்படி முன்னால் உட்கார்ந்தே வயதானவர் தச்சர். சுக்கான் பிடித்தவர் அவருடைய சகலை, கடிகாரக் கடைக்காரர். படகைச் செய்தது தச்சர். பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறியது சகலையின் பெயர். அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வரும் தச்சரின் மனைவி சோறு போடும்போது தவறாமல் சொல்வார்: "அத்தான் மறுபடியும் ஜெயிச்சுட்டாராமே."

"நான் என்ன கரையில நின்னு கைதட்டிக்கிட்டா இருந்தேன்?"

சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதுபவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: இரண்டு பெயரையும் எழுத வேண்டும் என்று தச்சர் பேசாத ஆண்டுக் கூட்டம் கிடையாது. வழக்கத்தை மாற்ற முடியாது என்று ஒவ்வொரு முறையும் உட்கார வைத்துவிடுவார்கள்.

போன ஆண்டு பந்தயத்தன்று, சுக்கானைத் தந்தால்தான் படகைத் தண்ணீரில் இறக்குவேன் என்று அவர் பிடிவாதமாக நின்றார். சகலை சரி என்றுவிட்டார். சிரித்துக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பே தச்சருக்கு எரிந்தது.

திருப்பம் காட்டும் கடைசி மிதவையைச் சுற்றும்போது காற்று ஓங்கி அடித்தது. படகு ஒருக்களித்தது. சகலை முதுகு தண்ணீரில் படும்படி வெளியே சரிந்தார். படகு நிமிர்ந்தது, முதலாவதாக வந்தார்கள்.

கரையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டது கடிகாரக் கடைக்காரரை. அந்த வயதில் அப்படிச் சரிய யாரால் முடியும் என்று வியந்தார்கள். தச்சர் ஈரப் பாயைத் தனியாக மடித்தார். இரவு தட்டில் சோறு விழுந்தது. "அத்தான் மட்டும் இல்லன்னா கவுந்திருக்குமாமே."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

மறுவாரம் பெயர் எழுத வந்த பெயின்டர், தூரிகையோடு தச்சரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் சொல்றாங்கண்ணே. இந்தத் தடவ உங்க சகலை பேரையும் சேத்துப் போட்டுரலாமா? நீங்க கேட்டதுதானே?"

"சங்கத்துக்குன்னு ஒரு வழக்கம் இருக்குல்ல?" என்றார் தச்சர். "சுக்கான் பிடிச்சவன் பேர மட்டும் எழுது."

பெயின்ட் காயும் வரை அவர் பலகையை விட்டு நகரவில்லை.