திருக்கை முள்ளுக்கு ஐஸாம்!

பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இன்று நர்ஸ் வேலை இண்டர்வியூவுக்குப் போனேன். படிப்பு முடித்தபின் இது ஏழாவது.

காத்திருந்தபோது எங்கள் கோட்டைக்குப்பத்து அண்ணன் ஒருவரைக் கரையிலிருந்து நேராகத் தூக்கி வந்தார்கள். வலையில் மீன் கழற்றும்போது திருக்கை மீனின் வால்முள் கையில் குத்திவிட்டது. மனிதர் துடிக்கிறார். அங்கிருந்த நர்ஸ் ஐஸ் கட்டி வைக்கிறார்!

திருக்கை குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்க வேண்டும். எங்கள் குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எழுந்து போய்ச் சொன்னேன்.

"இண்டர்வியூக்கு வந்தவதானே நீ? போய் உக்காரு."

பத்து நிமிடம் கழித்து டாக்டர் வந்து கத்தினார். "ஐஸ் யாரு வெச்சது? சுடுதண்ணி கொண்டாங்க!"

"அந்தப் பாப்பா அப்பவே சொல்லிச்சு சார்" என்றார் அண்ணன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஃபைலைப் புரட்டினார். "எக்ஸ்பீரியன்ஸ் இல்லயேம்மா. இங்க அவசர கேஸெல்லாம் வரும், உன்னால சமாளிக்க முடியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு ஃபைலைப் பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன்.

வெளியே அண்ணன், கை வாளிக்குள். "இன்னா பாப்பா, வேல குட்த்தானுங்களா?"

"இல்லண்ணா."

"அப்ப இந்தத் தண்ணி ஆறிப்போச்சுன்னா யாரு மாத்துவா?"

நான்தான் மாற்றிவிட்டு வந்தேன்.

வெந்நீர் வைக்கத் தெரிந்த ஆஸ்பத்திரி உங்கள் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கே ஃபைலோடு வருகிறேன்.