கேசட்டில் ஏறாத வாக்கியம்

கூடத்தில் என் மகள் மொபைலைப் பார்த்து அரபி படித்துக்கொண்டிருந்தாள். “அல்பைத்து கபீருன். வீடு பெரியது.”

ஈசிசேரில் இருந்த என் அத்தா, “அப்படியே சல்மா மாதிரி சொல்றா பாரு!” என்றார்.

அடுப்படியில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சல்மா என் அக்கா. அத்தா சவுதியில் இருந்த காலத்தில், சங்கராபுரத்திலிருந்து நாங்கள் கேசட்டில் பேசி, புறப்படுகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவோம். ஒரு முறை, மதரசாவில் புதிதாகப் படித்த அரபி வாக்கியங்களைச் சொல்லச் சொன்னாள் அம்மா. தமிழைப் போலத்தான், இரண்டு சொல்லைப் பக்கத்தில் வைத்தால் வாக்கியம் முடிந்தது. நான் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். ‘அல்பாபு மஃப்தூஹுன்.’ கதவு திறந்திருக்கிறது. பல் விளக்கும்போதுகூட அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா முதலில் உட்கார்ந்தாள். வீடு பெரியது, பேனா புதியது, பால் சூடானது என்று ஆரம்பித்தவள், வாசலில் போன ஆட்டைக்கூட விடவில்லை. என் முறை வந்து வாயைத் திறந்தேன். டேப் தீர்ந்து டக்கென்று நின்றது.

“அடுத்த வாட்டி பேசிக்கலாம்டி,” என்றாள் அம்மா. கொண்டுபோகிறவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அத்தாவின் பதில் கேசட் வந்தது. “சல்மா அரபி பேசனதக் கேட்டு ரூமே அசந்துபோச்சு. சின்னவ இன்னா, வாயே தொறக்கல?”

இன்று அடுப்படியிலிருந்தே உரக்கச் சொன்னேன்: “அல்பாபு மஃப்தூஹுன்!”

ஈசிசேர் கிறீச்சிட்டது. அத்தாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“யாரு, சல்மா வந்துக்கிறாளா?”