மிளகு ஏணியும் இரண்டு காதல் பாட்டும்

சின்ன அத்தையைப் போல மிளகுக்கு மரமேற எங்கள் மலையில், குண்டனி நாட்டில் ஆளே கிடையாது. கணுக்கிளைகளை மட்டும் விட்டு நறுக்கிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. யாராவது பிடிக்க வந்தால், "எனக்குக் காலில்லையா?" என்று விரட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷும் படித்தாள். மரத்தின் மேலிருந்தே பாடத்தைக் கதையாகச் சொல்வாள். உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டே வாயைப் பிளந்து கேட்பேன்.

அந்தத் தை மாதம் அவள் பாடத்தில் இரண்டு பழைய இங்கிலீஷ் காதல் பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருத்தன், அது தருகிறேன் இது தருகிறேன் என்று பெண்ணை அழைக்கிறான். இன்னொருத்தன், வயசு போகிறது, மண்ணுக்குப் போகிற உடம்பு, இப்போதே வா என்கிறான்.

"மொதல் ஆளு சந்தை வியாபாரியாட்டம் கண்ணு. ரெண்டாமவன் ஆசையை மறைக்கல, அது எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா என்னா அவசரம்!" என்றாள் அத்தை மரத்திலிருந்து.

அன்றைக்கு ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அத்தையைப் பெண் கேட்டிருந்தார். கல்யாணமானால் படிப்பு அவ்வளவுதான் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கோ மாமா என்றால் உயிர். இருவரும் சேர வேண்டுமென்று கும்பிடாத சாமியில்லை.

மாமா அண்ணாந்து நின்றார். "சேலத்துல ஊடு பாத்துட்டேன் புள்ள. வாஷிங்மெஷினு, கொலுசு, எல்லாம் வாங்கித் தாரேன்."

அத்தை அடுத்த சரத்தைப் பறித்தாள். மாமா விடவில்லை.

"பரிச்சை எங்க ஓடிப்போவுது? வயசுதான் ஓடுது."

அத்தை சிரித்த சிரிப்பில் மிளகுச் சரம் ஒன்று என் தலையில் விழுந்தது. "ஏனுங்க மாமா, ரெண்டு பாட்டையும் நீங்களே பாடிட்டீங்களே!"

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். எனக்குத்தான் அவசரம். "அத்தை, அந்தப் பாட்டுல பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"அவளை எங்க சாமி பேச உட்டாங்க? நான் பேசறேன். பரிச்சை முடியற வரைக்கும் இந்தப் பேச்சு வேண்டாங்க மாமா."

மாமாவின் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகை முட்டியது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"ஏனுங்க, எறங்கோணும். இந்த ஏணியைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க."

மாமா ஓடிவந்து பிடித்தார். அத்தை மெதுவாக, மிக மெதுவாக இறங்கினாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, இவளுக்கு இன்றைக்குக் காலில் ஏதோ வலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.