அண்ணன் பறிக்காத வெள்ளைக் காளான்

கோவிலூர் சென்று கும்பிட்டு வந்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அண்ணனின் முதலாண்டு நினைவு மலருக்கு, ஓராண்டாக மறைத்ததை எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணன் அவர்கள் கொத்தமங்கலத்தில் விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஏர் பிடித்தார்கள். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர்கள் அவர்கள்தான். மழை விட்டதும் கரையான் புற்றில் காளான் பறிப்பார்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் கூடையையே கொட்டிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு, கொடைக்கானல் மலையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அண்ணனும் மதினியும் போனபோது நானும் போனேன். பைன் மரக்காட்டில், அந்த ஊர் அம்மா ஒருவர் காட்டிய ஆரஞ்சு நிறக் காளானை மட்டுமே அண்ணன் எடுத்தார்கள். பக்கத்தில் வெள்ளையாகச் சில குடை விரித்திருந்தன.

“அண்ணே, நம்மூருக் காளான்ணே!”

“நம்மூருக் காளான் பஸ் ஏறியாடா வந்துச்சு? இங்குட்டுப் புத்து எங்க இருக்கு? தொடாத.”

நான் நாலைந்தைப் பறித்துத் துண்டில் மறைத்துக்கொண்டேன். வீட்டில் குழம்பு கொதிக்கும்போது யாரும் பார்க்காமல் அதையும் பொடியாக நறுக்கிப் போட்டேன். விஷமென்றால் வெள்ளி கறுக்கும் என்று கேள்வி. என் வெள்ளி விபூதிக் கிண்ணத்தைக் கழுவி உள்ளே இறக்கினேன். கறுக்கவில்லை. திருநீறு இருந்த வெள்ளி பொய் சொல்லாது என்று நம்பினேன். அந்த வீட்டில் காளான் சாப்பிடுவது அண்ணனும் நானும்தான். எனக்கு அன்று பிரதோஷ விரதம். மதியம் அண்ணன் மட்டும் சாப்பிட்டார்கள்; இரவுக்குக் குழம்பு மிஞ்சவில்லை.

மறுநாள் வாந்தி, பேதி. பிறகு நின்றது; சரியாகிவிட்டது என்றிருந்தோம். இரண்டு நாளில் கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன காளான் என்று கேட்டார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“நாந்தேன் பறிச்சேன் சார். வெள்ளையும் கலந்துருச்சு.”

ஈரல் கெட்டு, அந்த வாரமே சிவபதம் சேர்ந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள், “அம்புட்டு வெவரமான மனுசன், காளான்ல போயி ஏமாந்துட்டாகளே” என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

போன வாரம் மதினியிடம் அழுது சொன்னேன்.

“அவுக அப்பவே எங்கிட்டச் சொல்லிட்டாக தம்பி. நீங்களாச் சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாக. மலர்ல எழுதுவீகளா?”

எழுதிவிட்டேன்.

சிகிச்சை செய்தவர்களுக்கும், அண்ணனை ஊர் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி. வெள்ளி விஷத்தைக் காட்டாது. அந்த இடத்துக் காளானை அறிந்தவர் சொல்லாமல் எதையும் பறிக்காதீர்கள். இனி எங்காவது அந்தப் பேச்சு வந்தால், அண்ணன் ஏமாறவில்லை என்று சொல்லுங்கள். பறித்தவன் தம்பி என்றும் சொல்லுங்கள்.