திரைக்குப் பின்னால் ஒரு கை

கூட்டமாக யாராவது சிரித்தால் இன்றைக்கும் என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை. கல்யாண வீடோ, பஸ்ஸோ, எங்கே என்றாலும் அப்படித்தான். அந்தச் சிரிப்பு திடீரென்று நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தென்காசியில் ஒரு பள்ளியில் நான் ஓவிய ஆசிரியை. வெள்ளிக்கிழமை மதியம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பள்ளியிலிருந்து ஒரு வேன் வரும். அவர்களையும் எங்கள் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைத்துப் படம் வரையவைப்பது என் பொறுப்பு. சேர்ந்தால்தானே! எங்கள் பிள்ளைகள் "பாவம் டீச்சர்", "பாவம் டீச்சர்" என்றே என் உயிரை வாங்கினார்கள். எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் ஹாலில் வெள்ளை வேட்டியைக் குறுக்கே கட்டி, பின்னால் விளக்கை வைத்தேன். "நிழல் நாடகம் போடுங்க. அங்கன போயிட்டா யாரு பாவம், யாரு பாவமில்லன்னு எவனுக்கும் தெரியாது" என்றேன்.

வேனில் இலத்தூர்ப் பெண் ஒருத்தி வருவாள். பத்து, பதினொரு வயது. சக்கர நாற்காலிதான். கை அவள் சொன்னபடி கேட்காது, வெட்டி வெட்டி இழுக்கும். பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான் வரும். ஆனால் வேஷத்தை அவளே கேட்டு வாங்கினாள். குற்றாலத்துக் குரங்கு! எங்கள் பள்ளிச் சிறுமி ஒருத்தி அருவியில் குளிக்க வந்த அத்தை ஆனாள். அத்தை சிப்ஸ் பாக்கெட்டோடு ஆடி அசைந்து வருவாள். குரங்கின் கை விசுக்கென்று நீண்டு பிடுங்கும். "ஏலே குரங்குப்பயலே, என் சிப்ஸக் குடுலே!" என்று அத்தை அலறுவாள். ஒத்திகையில் விழுந்து விழுந்து சிரிப்போம். குரங்கு எங்களைவிட அதிகம் சிரிக்கும். அன்றோடு "பாவம்" என்ற சொல் ஹாலைவிட்டுப் போய்விட்டது.

"எல்லாரும்... சிரிக்கணும்" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அது ஒன்றுதான் அவள் ஆசை.

அவள் அப்பா போலீஸ்காரர். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் யாரோ அவள் கை இழுப்பதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். "டீச்சர், இன்னொரு தடவ எம்புள்ளையப் பாத்து எவனாவது சிரிச்சான்னா, அன்னையோட சரி. அவள வீட்டவிட்டு வெளியவே கொண்டாரமாட்டேன்" என்றார். இது சிரிப்பு நாடகம்தான், நிழல் மட்டும்தான் தெரியும் என்று எடுத்துச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினார். நாடகத்தன்று முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

கை நீண்டது. பாக்கெட்டைப் பிடுங்கியது. ஹாலே அதிர்ந்து சிரித்தது. எந்தப் பிள்ளையின் நிழல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெற்றவருக்கு அந்தக் கை தெரியாமல் போகுமா? எழுந்தார். "அண்ணாச்சி, இருங்க, அவ நடிக்கா!" என்று கத்தினேன். திரையை இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே போய் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சிரிப்பு பட்டென்று நின்றது. அவர் தோளுக்கு மேலே அவள் முகம் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. பாக்கெட் இன்னும் கையில் இருந்தது. வாசலைத் தாண்டிய பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவள் வேனில் வரவில்லை. நானும் இரண்டு மூன்று தடவை வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை.

போன மாதம் அத்தை வேஷம் போட்ட சிறுமி என்னை இலத்தூருக்குக் கூட்டிப்போனாள். விளக்கு வைக்கும் நேரம். அந்த வீட்டுச் சன்னல் திரைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. இவள் தெருவில் நின்று, மெல்லிய குரலில், "ஏலே குரங்குப்பயலே" என்றாள்.

திரையில் ஒரு கை எழுந்தது. விசுக்கென்று எதையோ பிடுங்கியது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவள் சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"சிரிச்சிராதீங்க டீச்சர். சத்தம் கேட்டா அவங்கப்பா லைட்ட அணைச்சிருவாரு."

கை மறுபடியும் எழுந்தது. நாங்கள் சிரிப்பதற்காக அது காத்திருந்தது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம்.